மகள் முகம்

தொற்று வார்டில் உறவினருக்கு அனுமதி கிடையாது. நர்சுகளின் கவசக் கண்ணாடியில் நோயாளி கேட்ட உறவின் முகம் தெரியும். குரலும் அப்படியே வரும். சேர்க்கும்போது வீட்டார் சொல்லிவைத்த பழைய கதைகளையும் நர்சுகள் பேசுவார்கள். உள்ளே இருப்பது நர்சுதான் என்று நோயாளிகளுக்கும் தெரியும்.

அப்பா தாசையாவைச் சேர்த்ததிலிருந்து பியூலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், கெஞ்சிக் கூத்தாடி இங்கே டூட்டி வாங்கினாள். அவர் கேட்டிருந்ததும் மகளின் முகத்தைத்தான்.

“அப்பா, நான்தான்.”

“சரிங்க சிஸ்டர். கொஞ்சம் தண்ணி தாங்க.”

பெற்ற மகளைப் போய் ‘தாங்க’ என்கிறாரே. கவசத்தைக் கழற்றவும் முடியாது. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவசரமாகத் தேடி எடுத்தாள்.

“சைக்கிள் பழக்கும்போது என்னய கீழ போட்டுட்டு, அம்மாட்ட நாய் தொரத்துச்சுன்னு சொன்னீங்கல்லா? நம்ம ரெண்டு பேருக்குத்தானப்பா தெரியும்.”

தாசையா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சிரித்தார்.

“அதையும் சொல்லிக் குடுத்துட்டாளா, கழுத.”

சிரிப்பு இருமலானது. கட்டிலருகே மானிட்டரில் ஆக்சிஜன் எண்கள் சரிந்தன. மாஸ்க்கைப் பொருத்தப் போன அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மவ வெளிய சாப்புடாம கெடப்பா, சிஸ்டர். வீட்டுக்குப் போவச் சொல்லுங்க. சொல்லுவீங்களா?”

பதில் வராமல் அவர் கையை விடுவதாக இல்லை. எண்கள் இன்னும் சரிந்தன.

“சொல்லுதேன் சார்,” என்றாள் பியூலா.

அவர் கையை விட்டார்.