தாய்மாமன் சம்மதம்

தென்னந்தோப்புக்கு அப்பால் காற்றாலை வந்ததிலிருந்து பாலுசாமி மகனுக்குப் பெண் அமையவில்லை. அந்தச் சத்தத்தில் தூக்கம் கெடும், தலை சுற்றும் என்று வந்த வரன்களெல்லாம் வந்த பஸ்ஸிலேயே திரும்பின.

அன்றும் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பாலுசாமி காலையிலேயே காற்றாலைக்கு ஓடினார்.

"ஏனுங்க தம்பி, மத்தியானம் வரைக்கும் காத்தாடிய நிறுத்திப்போடுங்க. பையன் கல்யாண விசயமுங்க, பொண்ணு வீட்டார் வராங்க."

ஆபரேட்டர் தனபால் யோசித்தான். "பொண்ணு எந்த ஊருங்க?"

"சரவணம்பட்டிங்க."

"செரி, நிறுத்தறனுங்க."

பெண்ணின் அம்மா குழந்தையம்மாள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லை. பாலுசாமிக்கு உயிர் வந்தது.

"எங்களுக்குப் பிடிச்சுதுங்க. ஆனா தாய்மாமன் செரின்னு சொல்லோணும். என் தம்பி இந்தக் காத்தாடியிலதான் வேலை பார்க்கறான். சத்தத்தப் பத்தி அவனுக்குத் தெரியாததா? இதா, வந்துட்டான்!"

கிரீஸ் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தது தனபால். பாலுசாமி மெல்லத் தூண் பக்கம் ஒதுங்கினார்.

"ஏன்டா, சத்தம் எப்படி?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா. தங்கமான பையன், தட்ட மாத்துங்க" என்றவன் பாலுசாமியின் காதருகே குனிந்தான்.

"பயப்படாதீங்கண்ணா. அந்தச் சத்தத்துலதான் நான் குறட்டை விட்டுத் தூங்கறேன். எங்க அக்கா சம்பந்தியான பொறவுதான் உங்களுக்குத் தலை சுத்தும்."