உச்சிமேட்டு வழி

பிரெச்சின் பிழைப்பைக் கெடுத்தது பால் சங்கத் தலைவர் கொஸ்கெய்தான். இரண்டு வருடமாக யார் கேட்டாலும் பிரெச் இதைத்தான் சொல்வார்.

இருபத்தாறு வருடம் கென்யாவின் கப்சபெத் மலைப் பண்ணைகளில் பால் சேகரிக்கும் லாரியை ஓட்டியவர். விடிந்ததும் காலி வண்டியோடு நேரே உச்சிமேட்டுக்குப் போவார். அங்கே விதவை தப்லெலெய்யிடம் மூன்று லிட்டர் பால்.

"மூணு லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டரா? கெழவன் பாலுக்கா போறான்?" என்று ஊர் சிரித்தது. அதைச் சொல்லித்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். அதோடு சர்ச்சுக்குப் போவதையும் பிரெச் நிறுத்திவிட்டார்.

இன்று சங்கக் கூட்டம். பேச வந்திருப்பவர் கணித டாக்டர் மெலி. லாரிகள் போகும் வழியை இப்போது அவருடைய கம்ப்யூட்டர்தான் சொல்கிறது.

மெலி நல்லவர். வழிகளைக் கணக்கெடுக்க மூன்று மாதம் பிரெச்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். இங்கிலீஷ் தெரியாத பிரெச்சுக்கு வேலைநீக்கக் கடிதத்தைக் கண்கலங்க வாசித்துக் காட்டியவரும் அவர்தான்.

"லாரி ஒன்பது மணிக்குள்ள இங்கே சங்கத்துக்கு வந்தா பால். ஒரு நிமிஷம் பிந்தினா டேங்க் முழுக்கச் சாக்கடைக்கு. லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவுல சரிவே கிடையாது, ஒரேயடியா பள்ளம்" என்று மெலி ஆரம்பித்தார். "இந்த மாதிரிக் கணக்குல கம்ப்யூட்டர் ஏமாந்துடும். வழியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்க்கும். எதை மாத்தினாலும் மோசமானா, இருக்கிறதே நல்ல வழின்னு உட்கார்ந்துடும். குட்டி மேட்டுல நின்னு மலையேறிட்டேன்னு சொல்ற மாதிரி."

"அதான் போன வருஷம் அவ்வளவு பாலைக் கொட்டினோமா?" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"அதுக்குத்தான் புது முறை. தெரிஞ்சே ஒரு மோசமான அடி வைக்கணும். காலி வண்டி முதல்ல உச்சிமேட்டுக்கு ஏறட்டும். வீண் அலைச்சல்தான். ஆனா அப்புறம் பாரம் ஏற ஏற வண்டி இறங்கிக்கிட்டே வரும். எட்டரைக்கு இங்கே நிக்கும். இதுக்கு 'மெலி தாவல்'னு பேர். நைரோபியில பரிசு கொடுத்தாங்க."

கைதட்டல்.

பிரெச் எழுந்தார்.

"யோவ் கொஸ்கெய்! இது என் வழி. இதுக்காகத்தானேய்யா என்னைத் துரத்தினே?"

"என்னை ஏன் பெரியவரே திட்டுறீங்க? கடிதத்தோட அறிக்கையும் வச்சுத்தானே குடுத்தோம்? படிக்கலியா?"

"டாக்டர் வாசிச்சாரு. ஒரு தாள்தான் வாசிச்சாரு."

கோட்டுப் பையில் மடிந்து கிடந்ததை நீட்டினார். தலைவர் இரண்டாம் தாளை விரித்தார்.

"'உச்சிமேட்டுப் பயணத்தால் ஒரு பயனும் இல்லை. ஓட்டுநர் அந்த விதவைக்காகவே போகிறார். அவரை நீக்கினால்தான் வழியைச் சீராக்க முடியும்.'"

பிரெச் மெலியிடம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க டாக்டர். பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்களே. இது யார் வழி?"

மெலி நிமிரவில்லை. கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறிடும் பெரியவரே. வாங்க."

தலைவர் தாளின் அடியில் மிச்சமிருந்த ஒரு வரியையும் வாசித்தார்.

"'இப்படிக்கு, டாக்டர் மெலி.'"