வியாழக்கிழமைச் சண்டை

"இவர் ஆறுதல் சொன்னது போதும். கமிட்டிக்கு எழுதி நிறுத்திடறேன்!" சபைச் செயலாளர் கொதித்துக்கொண்டிருந்தார்.

அவர் மேஜைக்கும் போதகரின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். உள்ளே பேசுவது வேண்டாமென்றாலும் காதில் விழும். செயலாளர் வேண்டாமென்று சொல்கிற ஆளும் இல்லை.

அன்று வியாழக்கிழமை. உள்ளே பஸ் டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"வீட்ல தினம் சண்டை, ஐயா. வாழ்க்கையே வெறுத்துப்போச்சு."

"அப்படிச் சொல்லாதப்பா. எங்க வீட்லயும் சண்டைதான். பிரசங்கத்தை நீட்டினேன்னா, முதல் வரிசையில உட்கார்ந்து கொட்டாவி விட்டே என்னை முடிக்க வச்சுடுவா!" போதகர் சிரித்தார்.

பிறகு குரல் இறங்கியது. "அவ போனதும் கடிகாரத்தைக்கூட நிறுத்திட்டேன். போன வாரம்தான் சாவி கொடுத்தேன். அது ஓடுது, நானும் ஓடறேன். உனக்கும் விடியும்பா."

அரை மணி நேரமும் அவர் கதையேதான்.

டிரைவர் வெளியே வந்ததும் செயலாளர் வாசலில் மடக்கினார்.

"ஏம்ப்பா, நீ கஷ்டத்தைச் சொல்ல வந்தா, அவர் சொந்தக் கதையை அவிழ்த்து விடறாரே! இந்தப் புகார்ல ஒரு கையெழுத்துப் போடு."

"ஐயையோ, கெடுத்துடாதீங்க சார்! எங்க வீட்ல சண்டையெல்லாம் கிடையாது. என் டியூட்டிக்கு, அவளைப் பார்க்கறதே அபூர்வம்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வர்றே?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டம்மா தவறினதுலேருந்து ஐயா யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசல, சார். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, 'கர்த்தர் கிருபை'ன்னு முடிச்சுடறார். நாம கஷ்டம்னு போய் நின்னாத்தான், நமக்குத் தைரியம் சொல்றதுக்காகத் தன் கதையைச் சொல்றார். முதல் வாரம் 'அவ'ன்னு ஆரம்பிச்சதுமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். இன்னிக்குச் சிரிச்சார், கேட்டீங்கல்ல?"

செயலாளர் பேனாவை மூடினார். மனைவி போன இந்த மூன்று மாதத்தில், தினமும் பார்க்கிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நீ மட்டும்தான் இப்படி வர்றியா?"

"புதன்கிழமை தையல்கார அக்கா. மருமக கொடுமைன்னு அழறாங்க. மருமகளேதான் வண்டியில கொண்டுவந்து விடறா. சனிக்கிழமை நர்ஸம்மா. வெள்ளிக்கிழமைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கல."

டிரைவர் செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"