இன்ஸாஃப் அக்கா வீட்டுச் சாமான்

"ஒண்ணு, சாமானைக் காலி பண்ணட்டும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணட்டும்!"

மொட்டை மாடிச் சுவரில் ஓங்கி அடித்தார் மேஜர் லுத்ஃபி. கெய்ரோவில், ஷுப்ராவில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் சங்கத் தலைவர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆச்சு. குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

பேச்சு மூணாவது மாடி இன்ஸாஃப் அக்காவைப் பற்றி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; தனிக்கட்டை. ஆனால் வீட்டுக் கதவைத் திறந்தால் அலமாரி இடிக்கும். அதைத் தாண்டினால் பியானோ. அதன் மேல் புத்தக மூட்டைகள், சுருட்டிய கம்பளம், கிராமபோன். போன மாசம் எல்லாம் வழிந்து படிக்கட்டுக்கே வந்துவிட்டது.

"இது என்ன பேராசைங்கறேன்? போகும்போது தலையில கட்டிக்கிட்டா போகப் போறா?" என்றாள் மேடம் நாஹித்.

உஸ்தாத் ரிஃப்அத் வருத்தமாகச் சிரித்தார். வியாழக்கிழமை சாயங்காலமானால் இதே மாடியில் எங்களுக்கு எளிமையாக வாழப் பாடம் எடுப்பவர் அவர். வாரம் ஒரு நல்ல புத்தகம், ஒரு நல்ல பாட்டு சொல்லுவார். ரசித்து முடித்ததும் கொடுத்துவிடு என்பார். அவர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான். நாம் போனால் நின்றுகொண்டே பேச வேண்டியதுதான்.

அவர் பேச்சில் கட்டடமே மயங்கிக் கிடந்தது. வாரா வாரம் யாராவது எழுந்து, "பெரிய சாமான் ஒண்ணைத் தானம் பண்ணிட்டேன்!" என்பார்கள். கைதட்டல் காதைப் பிளக்கும். யாருக்கு என்று கேட்டால், "வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாதே" என்பார்கள். அதற்கும் ஒரு கைதட்டல்.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்கள். மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அக்கா, ஆசையை விடணும்," என்றார் உஸ்தாத் கனிவாக. "போதுங்கிற மனசு வேணும்."

"சரி உஸ்தாத்." அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் எங்கள் எல்லாரையும். "எல்லாத்தையுமா போட்டுடணும்?"

"எல்லாத்தையும்!" என்றார் மேஜர். "நாளைக்கு மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் ஒரு துரும்பு இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லி உங்களை அனுப்பிடுவோம்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமாகி வந்த வீடு. இந்த வயசுல நான் எங்கே போவேன்? போட்டுடறேன்."

மறுநாள் மத்தியானம். "ரோபா பெக்யா!" என்று கத்திக்கொண்டு பழைய சாமான்காரன் கழுதை வண்டியோடு தெருவுக்குள் நுழைந்தான்.

"தம்பி, மேல வா! வீட்டுல இருக்கிறது மொத்தமும் உனக்குத்தான்!" பால்கனியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

படபடவென்று ஜன்னல்கள் திறந்தன. பக்கத்தில் நின்றிருந்த என் மனைவியைக் காணோம்.

மூணாவது மாடிக்கு ஓடினேன். அங்கே மேஜர் அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க குப்பையைத்தானே போடச் சொன்னேன்? இது என் மாமனார் சீர் அக்கா! கொஞ்ச நாள் வெச்சிருங்கன்னுதானே கொடுத்தேன்!"

பியானோவின் மேல் மேடம் நாஹித் படுக்காத குறை. கம்பளத்தின் ஒரு முனை என் மனைவி கையில். இரண்டாவது மாடிக்காரர் புத்தக மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

"ஏன்க்கா, நேத்தே வாயைத் திறந்திருக்கலாமே?" என்றேன்.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு நம்பிக் கொடுத்தாங்க தம்பி. நம்பிக் கொடுத்ததை நாலு பேர் நடுவுல எப்படிப் போட்டு உடைக்கிறது?"

சாயங்காலத்துக்குள் வீடு துடைத்து வைத்த மாதிரி ஆனது. பழைய சாமான்காரனுக்குக் கிடைத்தது ஒரு கிளாஸ் டீதான். மிஞ்சியதுதான் அக்காவின் சொந்தச் சாமான்: ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மெல்லப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ, ஜன்னலில் கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம்.

கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனவர் உஸ்தாத். கிராமபோனை முன்னாடியே கொண்டு போய்விட்டார். அந்த ஒற்றை நாற்காலிக்குக் கூடப்பிறந்தது ஐந்து இங்கே இருந்திருக்கிறது; ஐந்தாவதைத் தூக்கும்போதுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! ஒரு கட்டில், ஒரு புத்தகம், ஒரு ரேடியோ! பார்த்தீங்களா அக்கா, என் பேச்சு ஒருத்தரையாவது மாத்திடுச்சு!"

"ஆமா உஸ்தாத்," என்றாள் அக்கா. "நாற்காலி கதவுல இடிக்குது. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க."