படைப்பதற்கு முன்

சம்படத்தின் சூடு உள்ளங்கையைச் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

மூடியைத் திறக்காமலே தெரியும். கொழுக்கட்டை. ஏழு இருக்கும். எப்போதும் ஏழுதான்.

பக்கத்து வீட்டு மருமகள் கோமதி இப்போதுதான் சுவருக்கு மேலே நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பில் வேலை அப்படியே கிடக்கிறதாம். ஓடுகிற ஓட்டத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"படைக்கதுக்கு முன்னாலயே ஒங்க பங்கக் குடுத்துரணும்னு அத்தை சொல்லிட்டுப் போயிருக்காவ, சித்தி. நீங்க படைச்சதத் தொட மாட்டீங்கன்னு அவியளுக்கு மொத வருஷமே தெரியுமாம்."

அத்தை என்றால் செண்பகவல்லியக்கா. போன வருஷம் ஆடியில் இறந்துபோனாள். துக்க வீடு என்பதால் அந்த வருஷம் அங்கே பிள்ளையார் சதுர்த்தி இல்லை.

அவள் அடுப்படியிலேயே நின்றாள்.

முதல் வருஷமே.

அப்படியென்றால் பத்தொன்பது வருஷம்.

பத்தொன்பது வருஷமும் அவள் செய்தது ஒன்றுதான். சிரித்த முகமாக வாங்குவாள். பழைய செய்தித்தாளில் பொதிந்து, பைக்குள் வைத்து, அடுத்த தெரு முனைக் குப்பைத்தொட்டி வரை நடந்துபோய்ப் போடுவாள். இந்தத் தெருத் தொட்டியில் போட்டால் யார் கண்ணிலாவது படும். சோற்றில் ஒரு பருக்கை வீணாக்காதவளுக்கு இதில் மட்டும் கை கூசியதில்லை. பிறகு சம்படத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாதென்று ஒரு கை சீனி போட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

இனிப்பு சரியாக இருந்ததா என்று அக்கா கேட்பாள். ரொம்ப நன்றாக இருந்ததென்று இவள் சொல்வாள். பொய்க்கு அஞ்சுகிறவள்தான். இந்த ஒரு பொய் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வந்தது.

ஒருமுறை மகன் ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டான். தட்டிவிட்டாள்.

அந்த மகனுக்காகத்தான் எல்லாம். ஏழு மாதக் குழந்தையாக, வலிப்பு கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு இயேசுவே என்று ஒரு பேரைத்தான் கூப்பிட்டாள். விடியும்போது பிள்ளை கண் திறந்தான். என் பிள்ளையைக் காத்தவர் நீர் ஒருவரே, உமக்குரியதை வேறு யாரோடும் பங்கு போட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

ஆனால் அதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம்.

சபையில் மைக்கைப் பிடித்தால் சாட்சி சொல்லி நிறுத்த மாட்டாள். போதகர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடுப்புயரச் சுவருக்கு மேலே மட்டும் வாய் வரவில்லை. என் ஆண்டவர் ஒருவர்தான் அக்கா, படைத்தது எனக்கு வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அக்கா மனசு நோகுமே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு நோகும் என்பதெல்லாம் சும்மா.

பயம்.

அவள் சொல்லாமலே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், அடுப்பிலிருந்து இறக்கிய முதல் ஈட்டை இவளுக்கு எடுத்து வைத்திருக்கிறாள். தன் சாமிக்கும் முன்னால், இவளுக்கு.

பக்கத்து வீட்டில் பூஜை மணி அடித்தது.

அவள் கை ஜன்னல் கதவுக்குப் போனது. வழக்கம். அக்கா கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் இந்த மணி கேட்கும். உடனே ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆண்டவரே, இந்த வீட்டைக் காத்துக்கொள்ளும் என்று ஜெபிப்பாள்.

சம்படம் வந்த பிறகுதான் மணி. ஒரு வருஷம்கூட மாறியதில்லை.

எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். காது இருந்து என்ன.

சாத்தப் போன கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். சாப்பாட்டுக்கு முன் செய்கிற ஜெபம் வாய்வரை வந்து நின்றது. நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டும். அதை அவரிடம் மட்டும் கேட்டால் போதாதே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ஒன்றை எடுத்துக் கடித்தாள். தேங்காயும் வெல்லமும் நாக்கில் இறங்கின.

மணி ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் கோமதியின் தலை தெரிந்தது. முதல் தடவையாகத் தனியாகச் செய்திருக்கிறாள். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

நல்லா இருக்கு என்பது நாக்கு நுனியில் தயாராக நின்றது. பத்தொன்பது வருஷப் பழக்கம். அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள்.

"கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா."

கோமதி சிரித்தாள்.

"அத்தை அளவுல்லா, சித்தி. அவிய எப்பவும் ஒரு அச்சு வெல்லம் கூடத்தான் போடுவாவ. ஒங்களுக்குத் தெரியாததா."

தெரியும் என்று தலையாட்டப் போனாள்.

ஆட்டவில்லை.

வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு எழுந்து, சுவரை நோக்கி நடந்தாள்.