போன வருஷத்துக் குஞ்சு

ஃபுமியேயின் கணவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைக்குக் கீரை பறிக்கப் போனவர்தான், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஹொக்கைடோவில் பனி உருகியதும் அவள் கேமராவோடு அந்த மலையடிவாரத்துக்குப் பறவை பார்க்கப் போவாள். பக்கத்து வீட்டு தகெசாவா துணைக்கு வருவான்.

இந்த மே மாதம் ஒரு ஜே பறவை எதிர் மரத்தில் வந்து உட்கார்ந்தது. காதில் விழுகிற சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும் பறவை அது. முதலில் பூனை மாதிரி கத்தியது.

"ஊர்ப் பூனைங்களையெல்லாம் வம்புக்கு இழுக்குது," என்று தகெசாவா சிரித்தான்.

பிறகு அது அவள் கணவரின் கரகரத்த குரலில், "ஏ ஃபுமி, எங்க இருக்கே?" என்றது.

அவள் சட்டென்று படம் எடுத்துவிட்டாள். "தொலைஞ்ச அன்னிக்கு அவரு கூப்பிட்டதைக் கேட்டிருக்கு," என்றாள்.

தகெசாவா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். "இல்லக்கா. வால் இறகு நுனி கூரா இருக்கு பாருங்க. இது போன வருஷம் பொரிச்ச குஞ்சு. அவரு போனப்போ இது பொறக்கவே இல்ல."

அவள் கேமராவை அவனிடமே விட்டுவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள் நிதானமாக. இன்னொரு முறையும் சொன்னாள்.

பறவை தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு மலைப் பக்கமாகப் பறந்து போனது.