ஈரப்பதமானிக்குள் ஒரு முடி

ஈரப்பதமானிக்குள் இழுத்துக் கட்டியிருந்த பொன்னிற முடி அன்று காலை அறுந்துபோனது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த முடி நீளும், முள் வலப்பக்கம் நகரும். அந்த அமெரிக்க வானிலை நிலையத்தின் முதல் கறுப்பினப் பெண் விஞ்ஞானியான வெர்லின், தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கட்டினாள். சூடான இரும்புச் சீப்பால் நீவி நீவி நேராக்கிய சுருட்டை முடி.

சாயங்காலம் இயக்குநர் வந்து பார்த்தார்.

“முள்ளு இடப்பக்கம் போகுதே. காத்து காஞ்சு கிடக்குன்னு காட்டுது. யார் முடி இது?”

“என்னோடது சார். ஈரம் பட்டா இது நீளாது, சுருண்டுக்கும். அதான் முள்ளு திரும்பி ஓடுது.”

“பொன்னிற முடிதான் இதுக்குச் சரிப்படும். நாளைக்கே மாத்திடு.”

“மாத்திடறேன் சார். இன்னிக்கு மழை வரும்.”

அவர் வெளியே பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. வெர்லின் பையிலிருந்து தலைத்துணியை எடுத்து, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்த இயக்குநர், பிறகு போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.